இரும்புச் சக்கரம்

அன்புள்ள ஐயா,

மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த விவசாயிகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நானும் விவசாயக் குடும்பம்தான். கனடாவில் ஐம்பது வருஷம் பாடுபட்டுத் திருத்திய நிலத்தை, பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார்கள் என்பதற்காகவா விற்றுவிட்டு மெக்சிகோ போவார்கள்? மண்பற்று உள்ளவன் செய்கிற காரியமா? பக்தி முற்றிய பிடிவாதமாகவே படுகிறது.

ம., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ம.,

பிடிவாதம்தான், சந்தேகமில்லை. ஆனால் மண்பற்று என்ற அளவுகோல் அவர்களுக்குச் சரிவராது.

நீங்கள் கேட்பது மெனோனைட்டுகளில் ஒரு பிரிவான 'பழைய காலனி' சபையாரைப் பற்றி. ஆயுதம் எடுக்க மாட்டார்கள், சத்தியம் செய்ய மாட்டார்கள், விவரம் தெரிந்த வயதில் தானே கேட்டு வாங்குவதுதான் ஞானஸ்நானம். ஜார் அரசு கட்டாய ராணுவ சேவை கொண்டுவந்ததால்தான் 1870களில் உக்ரைன் பக்கமிருந்து கனடாவுக்கு வந்தார்கள். ராணுவ விலக்கும் சொந்தப் பள்ளியும் உண்டென்று 1873இல் கனடா எழுதிக்கொடுத்தது. 1916இல் மானிடோபா மாகாணம் ஆங்கிலப் பள்ளியைக் கட்டாயமாக்கியது; பிள்ளையை அனுப்பாத தகப்பன்மாருக்கு அபராதம், சிலருக்குச் சிறை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அரசுப் பள்ளி முற்றத்தில் கொடி பறந்தது. வெறும் மொழிப் பிரச்சினையாக அவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

1922 மார்ச்சில் குதிரை, மாடு, கலப்பையோடு ரயிலேறி மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் இறங்கினார்கள். கைவந்த பயிரான கோதுமை அங்கே சரிப்படவில்லை. ஓட்ஸ், மக்காச்சோளம், பீன்ஸ் என்று மாறினார்கள்; பிறகு பாலாடைக்கட்டி. இன்றும் மெக்சிகோ கடைகளில் அதற்கு 'கேசோ மெனோனிடா' என்றே பெயர். பயிர் போனது, நாடு போனது. ஆனால் ஒரே நீளத் தெருவும் வீட்டை ஒட்டிய தொழுவமும் மானிடோபா கிராமப் பெயர்களும் கூடவே வந்தன. அவர்களுக்கு நிலம் என்பது சபை சிதறாமல் உட்கார ஓர் இடம், அவ்வளவுதான்.

டிராக்டர் கதை இன்னும் வேடிக்கை. வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ரப்பர் டயர் கூடாது, இரும்புச் சக்கரம்தான். ரப்பர் டயர் இருந்தால் இளவட்டங்கள் டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடும். இரும்புச் சக்கரத்தில் வயலை உழலாம். ரோட்டில் ஒரு மைல் போனால் இடுப்பு கழன்றுவிடும். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் யோசித்துச் செய்த ஏற்பாடு. மெக்சிகோ காலனிகளில் ரப்பரும் மின்சாரமும் நுழைய ஆரம்பித்ததும், கண்டிப்பானவர்கள் 1967 முதல் பொலிவியாவுக்கு மூட்டை கட்டினார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். சிவாவாவில் அவர்கள் வாங்கியது ஒரு ஜமீன் குடும்பத்தின் நிலம், ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல். அதில் சில இடங்களில் ஏற்கெனவே ஏழைக் குடியானவர்கள் உழுதுகொண்டிருந்தார்கள். மெக்சிகோப் புரட்சி முடிந்து நிலம் நமக்கு வரும் என்று காத்திருந்தவர்கள். அவர்களை விலக்கும் வேலையை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. துப்பாக்கி தொடாத இந்த மனிதர்கள் பத்திரத்தை வாங்கிக்கொண்டு உழ ஆரம்பித்தார்கள்.