சிறிய அறைக்கு 200 வாட் ஸ்பீக்கர் தேவையா?

கேள்வி: என் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் சேனலுக்கு 40 வாட் தரும். தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர் ஜோடியில் 200 வாட் என்றும், ஸ்டாண்டில் வைக்கும் சிறிய ஜோடியில் 80 வாட் என்றும் போட்டிருக்கிறது. பெரியதை வாங்கினால்தான் ஒலி நன்றாக இருக்குமா?

பதில்: இல்லை. அந்த 200 என்ற எண்ணைப் பொருட்படுத்தவே வேண்டாம். ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்வதில்லை. இந்த எண்ணைக் காட்டியே விற்பது எனக்குச் சற்றும் பிடிக்காத பழக்கம்.

நீங்கள் தேட வேண்டியது சென்சிடிவிட்டி அளவு, அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது. 84 டெசிபல் என்று போட்ட ஸ்பீக்கருக்கு 160 வாட் கொடுத்தால் எழும் ஒலி, 90 டெசிபல் ஸ்பீக்கரில் 40 வாட்டிலேயே கிடைத்துவிடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் தேவைப்படும் வாட் இரட்டிப்பாகிறது. ஆனால் மின்தடை குறைந்த 4 ஓம் ஸ்பீக்கரில் கவனம் தேவை. சென்சிடிவிட்டியை அளக்கும் வழக்கமான 2.83 வோல்ட் சோதனையில், 8 ஓம் ஸ்பீக்கர் இழுக்கும் 1 வாட்டுக்குப் பதில் அது 2 வாட் இழுப்பதால், அளவு 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும். உங்கள் ஆம்ப்ளிஃபயர் 4 ஓமை ஏற்குமா என்பதையும் அதன் பின்பக்கத்தில் பாருங்கள்.

அடுத்து அறை. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸை ஒட்டிய பாஸ் ஒலி சுவர்களுக்கிடையே மோதித் தேங்கி நிற்கும். உயரமான ஸ்பீக்கர் அதை இன்னும் கிளறிவிட்டு, மிருதங்கத்தின் தொப்பி ஒலியைக் கூடக் குழப்பமான முழக்கமாக்கிவிடலாம். அதனால் சிறிய ஜோடியே என் தேர்வு. மிச்சப்படும் பணத்தில் உறுதியான ஸ்டாண்ட் வாங்குங்கள். ட்வீட்டர் (கீச்சொலி தரும் சிறிய பகுதி) உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும். மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், பாஸ் வீங்கிவிடும்.

கடையில் கேட்கும்போது இரண்டு ஜோடியையும் ஒரே சத்தத்தில் ஒலிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நமக்கு நல்லதாகத் தோன்றும். பிறகு இசையை நிறுத்திவிட்டு, ஓர் ஆண் செய்தி வாசிப்பதைக் கேளுங்கள். பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் கேட்டால் அந்த ஜோடி வேண்டாம். கடைசி முடிவை உங்கள் அறையில் கேட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். ஆகவே எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.