41,000 சைட்டேஷன் வாங்கியவர் பெரிய ஆளா?

கேள்வி: மரபியலில் பிஎச்.டி. சேர கைடு தேடுகிறேன். ஒருவருடைய கூகுள் ஸ்காலர் பக்கத்தில் மொத்த சைட்டேஷன் (மற்றவர்கள் அவர் கட்டுரைகளை எடுத்தாண்ட தடவைகள்) 41,000. ஆனால் ஹெச்-இண்டெக்ஸ் 19தான். நம்பிச் சேரலாமா?

இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்பதை நீங்களே கவனித்துவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. ஹெச்-இண்டெக்ஸ், ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்ன கணக்கு. 19 என்றால், தலா 19 முறையாவது எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 19 இருக்கின்றன என்று அர்த்தம். அந்த எண்ணைத் தொட 361 சைட்டேஷனே போதும். அப்படியானால் மீதி எங்கே குவிந்து கிடக்கிறது?

அனேகமாக, பல லேப்கள் கூட்டாகச் சேர்ந்து எழுதும் ஏதாவது ஒரு ஜீனோம் கன்சார்ட்டியம் கட்டுரையில். பட்டியலில் மேலே இருக்கும் இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள். எங்கள் துறையில் இது சகஜம். பழ ஈயின் குட்டிக் குரோமோசோம் ஒன்றைப் பற்றி 2015-ல் ஜி3 இதழில் வந்த கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேல் ஆசிரியர்கள், பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள். என் பெயரும் அப்படி ஒரு நீண்ட பட்டியலின் நடுவே இருக்கிறது. அதற்காக நான் செய்தது, நாலு மாதம் மாதிரிகளைப் பிரித்துக் குழாய்களில் லேபிள் ஒட்டி அனுப்பியது. மற்ற கட்டுரைகள் எல்லாம் சேர்ந்து முப்பது வருடத்தில் வாங்காத சைட்டேஷனை அந்த ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டது. வேலை செய்தது நிஜம். ஆனால் அதை வைத்து என்னிடம் மாணவராகச் சேர வந்தால், லேபிள் ஒட்டத்தான் கற்றுக்கொள்வீர்கள்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மரபியலில் முதல் பெயர் பெரும்பாலும் லேப் மேசையில் நின்று சோதனை செய்தவருடையது, கடைசிப் பெயர் லேபை நடத்துபவருடையது. அவர் கடைசியில் நிற்கும் கட்டுரைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே முதல் பெயரைக் குறியுங்கள். வேறு வேறு மாணவர்கள் வருகிறார்களா? சேர்ந்து நாலைந்து வருடத்துக்குள் அவர்கள் பெயரில் ஒன்றாவது வெளிவந்திருக்கிறதா? ஒரே போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்துவிட்டு லேபில் வேலை செய்பவர்) பெயரே திரும்பத் திரும்ப முன்னால் நின்றால், மாணவர்களுக்கு என்ன கிடைத்தது என்று அந்த லேபில் படித்த யாரையாவது பிடித்து விசாரியுங்கள். ஒரு சாயங்கால வேலைதான்.

அப்புறம், பெயர்க் குழப்பத்தையும் மனதில் வையுங்கள். மாட்டுக் குடற்புழு பற்றிய ஏழு கட்டுரைகள் இரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. என் பெயரிலேயே ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார்! அவற்றை நீக்கியதும் என் ஹெச்-இண்டெக்ஸ் ஒன்று இறங்கியது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. 2012-ல் வந்த ஆர்கிட் (ORCID) எண், அதாவது ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனியாகத் தரும் 16 இலக்க அடையாள எண், இந்தத் தொல்லைக்காகத்தான். உங்கள் கைடுக்கு இருந்தால் அதை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஸ்காலரில் ஓர் எண், ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தில் வேறு எண். எது சரி?

இரண்டும் சரி. ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் வடிவம்) எல்லாவற்றையும் எண்ணும், ஸ்கோப்பஸ் தேர்ந்தெடுத்த இதழ்களையே பெரும்பாலும் எண்ணும். இரண்டு பேரை ஒப்பிடும்போது இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: என் கட்டுரைகளில் அதிகம் எடுத்தாளப்படுவது ஒரு செய்முறைக் கட்டுரை. பாடுபட்டுக் கண்டுபிடித்ததை 12 பேர்தான் சீண்டியிருக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

எதற்கு வெட்கம்? அறிவியலிலேயே மிக அதிகம் எடுத்தாளப்பட்டது, புரதத்தின் அளவைக் கண்டறிய லௌரியும் கூட்டாளிகளும் 1951-ல் எழுதிய செய்முறைதான். 3 லட்சம் தடவையைத் தாண்டிவிட்டது. டிஎன்ஏ வரிசையைப் படிக்க சாங்கர் குழு 1977-ல் தந்த வழிமுறையும் அந்த ரகம்தான்.

என் கதையும் அதேதான். ஒற்றை ஈயிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அதை எடுத்தாண்டவர்கள் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து படித்தேன். முக்கால்வாசிப் பேர் ஒரே வாக்கியம்: ‘டிஎன்ஏ ஏற்கெனவே விவரித்தபடி எடுக்கப்பட்டது.’ ஒருவர் மட்டும், நான் சொன்ன வெப்பநிலை தன் ஈக்களுக்கு ஒத்துவரவில்லை, ஐந்து டிகிரி குறைத்தேன் என்று எழுதியிருந்தார். அவர்தான் உண்மையில் படித்திருக்கிறார். உங்கள் 12 பேரையும் அப்படி ஒரு தடவை படித்துப் பாருங்கள். மெண்டலைச் சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். பட்டாணிச் செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்ட அவருடைய கட்டுரை 1866-ல் அச்சாகி, கவனம் பெற 1900 வரை காத்திருந்தது உண்மைதான், ஆனால் காத்திருக்கும் கட்டுரை எல்லாம் மெண்டல் எழுதியது இல்லையே.

கேள்வி: ஆயிரக்கணக்கானோர் எடுத்தாண்ட முடிவு சரியாகத்தானே இருக்கும்?

செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கடத்தும் புரதத்துக்கான மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்கள், வாழ்க்கையில் அடிபட்டால் மனச்சோர்வில் எளிதாக விழுகிறார்கள் என்று 2003-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆயிரக்கணக்கான சைட்டேஷன். 2019-ல் சில லட்சம் பேருடைய தரவை வைத்து, மனச்சோர்வுக்குக் காரணம் என்று பேசப்பட்ட 18 மரபணுக்களைச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுக்களைவிட இவை ஒன்றும் மேல் இல்லை என்று தெரிந்தது. அந்த 18-ல் இதுவும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், மறுத்து எழுதியவர்களும் பழைய கட்டுரையை எடுத்தாண்டுதானே ஆக வேண்டும்? அதுவும் அதே கணக்கில்தான் ஏறுகிறது.