அம்மாவின் தலைக்குள் 4 மி.மீ. வீக்கம்

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. தலைசுற்றலுக்காக ஸ்கேன் எடுத்தபோது மூளை ரத்தக்குழாயில் 4 மி.மீ. அனியூரிசம் (குழாயின் சுவர் பலூன்போல் உப்பியிருப்பது) இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், கண்காணித்தால் போதும் என்கிறார் டாக்டர். பயத்தில் நாங்கள் அம்மாவைக் குனியக்கூட விடுவதில்லை. சரிதானா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: குனியட்டும், நடக்கட்டும், கோயிலுக்கும் போகட்டும். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இப்படி வெடிக்காத வீக்கம் இருக்கிறது, அதில் பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. 7 மி.மீ.க்குக் குறைவாக, மூளையின் முன்பகுதி ரத்தக்குழாயில் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. பின்பகுதி என்றால் கணக்கு மாறும், அதனால் எந்தக் குழாய் என்று கேட்டு வையுங்கள். மண்டையோட்டைத் திறந்து வீக்கத்துக்குக் கிளிப் போடுவதோ, தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி வீக்கத்துக்குள் கம்பிச்சுருள் (coil) வைப்பதோ இந்த வயதில் பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய்விடலாம் என்பதால்தான் டாக்டர் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார், கைகழுவிவிடவில்லை.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது ரத்த அழுத்தத்தை. மாத்திரை ஒருநாளும் தவறக் கூடாது, ஊறுகாய், அப்பளம் குறையட்டும், மலச்சிக்கல் வராமல் பாருங்கள், வீட்டில் யாராவது புகைபிடித்தால் வாசலுக்கு அனுப்புங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். சொன்ன தேதியில் மறு ஸ்கேன், அளவோ வடிவமோ மாறியிருக்கிறதா என்று பார்க்க.

அப்புறம், இதுவரை வந்திராத கொடூரத் தலைவலி திடீரென்று வந்தால், கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம் இருந்தால், அல்லது ஒரு கண் இமை தொங்கினால், தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.