நோட்டரி செய்த தவறுக்கு நான் பொறுப்பா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்று ஃபார்கோவில் வசிக்கிறேன். வடக்கு டகோட்டா ஆளுநருக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் பதவிக்கால வரம்பு கேட்ட மனுவில் 2022-இல் கையெழுத்திட்டேன். நோட்டரி மோசடி என்று அதை நிராகரித்தார்களே, எனக்குச் சிக்கல் வருமா? இப்போது வேறொரு மனுவோடு வாசலில் நிற்கிறார்கள். கையெழுத்திடலாமா?

பதில்: உங்கள் பெயரில் நீங்களே கையெழுத்திட்டிருந்தால் பயம் வேண்டாம். சந்தேகம் எழுந்தது நோட்டரியின் கையெழுத்தின் மீதுதான். அந்த ஒரு நோட்டரி சான்றளித்த தாள்கள் என்பதற்காகவே 15,740 பேரின் கையெழுத்துகளை, மனுக்களைச் சரிபார்க்கும் மாநிலச் செயலர் மொத்தமாகத் தள்ளிவிட்டார். சில தாள்களில் ஐயம் என்றால் எல்லாத் தாள்களையும் வீசுவதா? மாநில உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் அவற்றைச் சேர்க்கச் சொன்னது. வரம்புக்கான அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வரத் தேவை 31,164 கையெழுத்து, தேறியது 33,005. நவம்பரில் 63 சதவீத ஆதரவோடு திருத்தம் நிறைவேறியது. நேர்மையான வாக்காளரின் கையெழுத்தைக் காப்பாற்ற நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததை என்னால் இன்னமும் ஏற்க முடியவில்லை.

அந்தத் திருத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சட்டமன்றத்தின் இரண்டு அவைகளில் ஒவ்வொன்றிலும் எட்டு ஆண்டுதான் என்றதும் பழைய உறுப்பினர்கள் உடனே வெளியேறுவார்கள் என்று பலர் நம்பினார்கள். இல்லை. 2023-க்கு முந்தைய காலம் கணக்கில் வராது. இருபது ஆண்டு இருந்தவருக்கும் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான். ஓர் அவையில் எட்டு முடித்தால் மற்றதில் இன்னொரு எட்டு. மாநிலச் செயலர் பதவிக்கோ வரம்பே கிடையாது. மனுவை நிராகரித்தவர் அந்த நாற்காலியில் முப்பது ஆண்டு இருந்தவர்.

இனி வாசலில் நிற்பவர். கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி தருவது இந்த மாநிலத்தில் குற்றம். மணிக்கூலி தரலாம், ஆனால் அதுவும் காப்பாகாது. 2012-இல் மணிக்கூலிக்குச் சேர்ந்த பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் சிலர் தொலைபேசிப் புத்தகத்துப் பெயர்களை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு மனுக்கள் வாக்குச்சீட்டுக்கே வராமல் போயின.

ஆகவே, மனுவின் முழு வாசகத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவர் வாயால் சொல்லும் சுருக்கத்தை நம்பாதீர்கள். பெயர், முகவரி, தேதி மூன்றையும் உங்கள் கையால் எழுதுங்கள். “தேதியை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்” என்றால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். “வீட்டுக்காரருக்கும் சேர்த்துப் போடுங்கள்” என்றால் கதவைச் சாத்துங்கள். மனைவி கணவருக்காகப் போட்டாலும் அது கள்ளக் கையெழுத்துதான். குடியுரிமை பெறாமல் கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கும் உறவினர் உடனிருந்தால் அவர் பேனாவைத் தொடவே வேண்டாம்.