பாட்டு சலித்ததா, அலாரம் சலித்ததா?

கேள்வி: 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு' எனக்கு உயிர். அந்த ஆசையில் அதன் தொடக்கத்தை அலாரமாகவும் ரிங்டோனாகவும் வைத்தேன். இப்போது எங்கே கேட்டாலும் எரிச்சல்தான் வருகிறது. திரும்பத் திரும்பக் கேட்டால் எந்தப் பாட்டும் சலித்துத்தான் போகுமா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: நீங்கள் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கவே இல்லை. முதல் சில நொடி கேட்டதும் கையை நீட்டி அணைத்திருக்கிறீர்கள். தூக்கம் கலைகிற கடுப்பும், யார் கூப்பிடுகிறார்களோ என்ற பதற்றமும் பாட்டின் தொடக்கத்தில் வரும் வயலின்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்த எரிச்சலை இளையராஜாவின் கணக்கில் எழுதாதீர்கள்.

பழகப் பழகப் பிடிக்கும் என்பது உண்மை. உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968-இல் இதைச் சோதித்துக் காட்டினார். அடிக்கடி கண்ணில் பட்ட சொல், அர்த்தமே இல்லாததாக இருந்தாலும், நல்ல சொல்லாகத் தோன்றியது. அப்புறம் டேனியல் பெர்லைன் என்ற இன்னொரு உளவியலாளர், அந்தப் பிடித்தம் ஓர் உச்சிக்குப் போய் இறங்கிவிடும் என்றார். எளிதில் பிடிபடுவது சீக்கிரம் சலிக்கும், சிக்கலானது தாக்குப்பிடிக்கும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 2011-இல் மான்ட்ரியாலில் நடந்த மூளை ஆய்வு. பிடித்த இசையில் புல்லரிக்க வைக்கும் இடம் வருவதற்குச் சில நொடி முன்பே, மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. இதோ வரப்போகிறது என்று தெரிந்திருப்பதில்தான் பாதிச் சுகம். மனப்பாடமான பாட்டு சலித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

'ராக்கம்மா'வில் அந்த இடம் எது? எஸ்.பி.பி.யும் சுவர்ணலதாவும் ஊரையே ஆட வைத்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் பெண் குரல்கள் சேர்ந்து 'குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில் குமிண்சிரிப்பும்' என்று அப்பர் தேவாரத்தை எடுக்கின்றன. தில்லைக் கூத்தனைப் பாடிய பாட்டு, படத்தில் வரும் தேவா, சூர்யா கூட்டத்தின் ஆட்டத்துக்கு நடுவே! முதல் தடவை திகைத்துப் போவோம். பத்தாவது தடவை அதற்காகவே காத்திருப்போம். எனக்கு இன்றும் அங்கே சிலிர்க்கிறது. உங்கள் அலாரம் ஒரு நாளாவது அதுவரை போயிருக்குமா?

முன்பெல்லாம் பிடித்த பாட்டை வானொலிக்காரர்கள் போடும்போதுதான் கேட்க முடியும். கேசட்டில் ரீவைண்ட் பண்ணும் சோம்பலிலேயே பாட்டைக் கடைசிவரை கேட்டுவிடுவோம். இப்போது அந்தத் தடைகள் இல்லை, நாமேதான் அளந்து கேட்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? அலாரத்துக்கு வெறும் மணிச் சத்தம் போதும். இரண்டு மூன்று மாதம் இந்தப் பாட்டின் பக்கமே போகாதீர்கள். பிறகு ஒரு மாலையில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், நல்ல ஹெட்போனில் முழுசாகக் கேளுங்கள். ஒரு தடவை குரல்களை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸை (தாழ்ந்த சுருதி இசையை) மட்டும் பின்தொடருங்கள். அடுத்த தடவை வயலின்களை மட்டும். தேவாரம் முடிந்து பாட்டு பழைய தாளத்துக்குத் திரும்பும்போது உங்களுக்கு என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள்.