உமிழ்வுக் குறைப்பு வரைவை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?

கேள்வி: எங்கள் மாநில அரசு பசுங்குடில் வாயு உமிழ்வைக் குறைக்க ஒரு வரைவுத் திட்டம் வெளியிட்டிருக்கிறது. பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு மாதம் அவகாசம். 200 பக்கத்துக்கு மேல் இருக்கிறது, நான் இந்தத் துறை ஆளும் இல்லை. இது உருப்படியான திட்டமா, வெறும் அறிவிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருத்து எழுதுவதென்றால் எதை எழுதுவது?

பதில்: முன்னுரை, வாழ்த்துரை எல்லாவற்றையும் தாண்டி நேராகப் பின்னிணைப்புக்குப் போங்கள். உமிழ்வுக் கணக்கு அங்கேதான் இருக்கும். பின்னிணைப்பே இல்லையென்றால் உங்கள் முதல் கருத்து தயார்: கணக்கை வெளியிடுங்கள்.

அட்டையில் ‘30% குறைப்பு’ என்று போட்டிருப்பார்கள். எதிலிருந்து 30% என்பதுதான் விஷயம். கடந்துபோன ஓர் ஆண்டின் அளவிலிருந்து என்றால் சரி. கலிபோர்னியா 2006-ல் போட்ட சட்டம் அப்படிப்பட்டது: 2020-க்குள் 1990-ன் அளவுக்குத் திரும்ப வேண்டும். அந்த அளவு 43.1 கோடி டன் என்று கணக்கிட்டு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். 2016-லேயே அதற்குக் கீழே இறங்கிவிட்டார்கள்.

ஆனால் ‘வழக்கம்போல் வளர்ந்தால் எட்டக்கூடிய அளவிலிருந்து’ 30% என்று எழுதியிருந்தால் உஷாராக இருங்கள். இன்றைய உமிழ்வு 100 என்று வைத்துக்கொள்வோம். எதுவும் செய்யாவிட்டால் 2035-ல் 160 ஆகும் என்று அவர்களே ஊகிக்கிறார்கள். அதில் 30% கழித்தால் 112. அதாவது இன்றைக்கு இருப்பதைவிட 12% கூடுதல். பெயர் மட்டும் குறைப்பு. ஊகத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் போட்டால் இலக்கு தானாகவே நிறைவேறிவிடும்!

இன்னொரு வகை, உற்பத்தியின் ஓர் அலகுக்கு எவ்வளவு உமிழ்வு என்று பார்ப்பது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 2007-ல் பெரிய ஆலைகளுக்கு இந்தக் கணக்கில் 12% குறைக்கச் சொன்னது. விதியைப் பல ஆலைகள் நிறைவேற்றின, எண்ணெய் உற்பத்தி பெருகியது, மாகாணத்தின் மொத்த உமிழ்வும் ஏறியது. வளிமண்டலத்துக்கு மொத்த டன் மட்டும்தான் கணக்கு. எனவே ஒவ்வோர் ஆண்டுக்கும் மொத்த டன் எவ்வளவு என்று கேளுங்கள்.

அடுத்து, எல்லைக்கு வெளியே போகும் புகை. பக்கத்து மாநிலத்தின் நிலக்கரி மின்சாரத்தை வாங்கிக்கொண்டு ‘எங்கள் ஊரில் புகையே இல்லை’ என்று சொல்வது சுலபம். கலிபோர்னியா வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வையும் தன் கணக்கில் சேர்க்கிறது. ஸ்காட்லாந்து சர்வதேச விமான, கப்பல் போக்குவரத்தில் தன் பங்கைக்கூட இலக்குக்குள் சேர்த்துக்கொண்டது. உங்கள் வரைவு எதை விட்டிருக்கிறது என்று பாருங்கள். விட்டதற்குக் காரணம் எழுதியிருந்தால் அதுவே ஒரு நல்ல அறிகுறி.

இனி நான் முக்கியமாக நினைக்கும் பகுதிக்கு வருகிறேன். மாநிலமோ மாகாணமோ எல்லா அதிகாரமும் உள்ள அரசு அல்ல. விமான எரிபொருள், வாகனப் புகைத் தரம், சுங்க வரி போன்றவை பெரும்பாலும் மத்திய அரசின் கையில் இருக்கும். கட்டட விதிகள், நிலப் பயன்பாடு, பேருந்து, குப்பை, பல இடங்களில் மின்சாரம் ஆகியவை மாநிலத்தின் கையிலோ அதன் கீழுள்ள உள்ளாட்சிகளின் கையிலோ இருக்கும். வரைவில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பக்கத்தில் ‘இது யார் கையில்?’ என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். பாதிக்கு மேல் ‘மத்திய அரசை வலியுறுத்துவோம்’ என்று வந்தால் அது திட்டம் இல்லை, கோரிக்கை மனு.

தன் கையில் இருந்ததைச் செய்து காட்டியதற்கு கனடாவின் ஒன்டாரியோ நல்ல உதாரணம். 2003-ல் அதன் மின்சாரத்தில் சுமார் கால்பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. நிலையங்களை நடத்தியது மாகாண அரசுக்குச் சொந்தமான நிறுவனம்தான். ஒவ்வொன்றாக நிறுத்தி, 2014 ஏப்ரலில் தண்டர் பே நிலையத்தோடு கடையைக் கட்டினார்கள். புதுப்பித்த அணுமின் உலைகளும் எரிவாயுவும் காற்றாலையும் அந்த இடத்தை நிரப்பின. அதே ஒன்டாரியோ 2017 ஜனவரியில் உமிழ்வு வர்த்தகத்தையும் தொடங்கியது: மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குள் அனுமதிச் சீட்டுகளை நிறுவனங்கள் வாங்கி விற்றுக்கொள்ளும் முறை. 2018-ல் ஆட்சி மாறியது, வர்த்தகமும் ரத்தானது. ஆனால் நிறுத்திய நிலக்கரி மின்சாரம் மட்டும் திரும்பி வரவில்லை.

கார்பன் வரியும், அதாவது உமிழ்வுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று போடும் வரியும், இப்படித்தான். கனடாவின் இன்னொரு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியா 2008 ஜூலையில் டன்னுக்கு 10 கனடிய டாலர் என்று தொடங்கி, வசூலைப் பிற வரிகளைக் குறைத்துத் திருப்பிக் கொடுத்தது. பொருளாதார வல்லுநர்கள் மெச்சிய ஏற்பாடு. நுகர்வோர் மீதான அந்த வரி 2025 ஏப்ரலில் போய்விட்டது. உமிழ்வுக்கு விலை வைப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. ஒரு கையெழுத்தில் போய்விடக்கூடியது அது என்கிறேன். அதனால் வரைவில் ஆட்சி மாறினாலும் எளிதில் திருப்ப முடியாதவற்றைத் தேடுங்கள்: நிலக்கரி நிலையத்தை மூடும் தேதி, மின்கம்பித் தடம், ரயில் பாதை, கட்டட விதி. டோக்கியோ பெருநகர அரசு 2010-ல் ஆற்றல் அதிகம் செலவழிக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய கட்டடங்கள், ஆலைகளுக்கு உமிழ்வு வரம்பு வைத்தது. ஏற்கெனவே எழுந்து நிற்கும் கட்டடங்களுக்கும் அது பொருந்தும். புதுக் கட்டடத்துக்கு மட்டும் விதி எழுதுவது சுகமான வேலை.

குப்பை அத்தியாயத்தைப் பலரும் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கிடங்கில் மக்கும் கழிவிலிருந்து மீத்தேன் வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடுவதால் இங்கே எடுக்கும் நடவடிக்கைக்குப் பலனும் சீக்கிரம் தெரியும். டெல்லிக்கோ வேறு தலைநகருக்கோ கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. மரம் நடும் அத்தியாயத்தைக் கடைசியாகப் படியுங்கள். நட்ட கன்றில் எத்தனை பிழைத்தது என்று யார் எண்ணுவார்கள் என்று மட்டும் கேட்டால் போதும்.

கடைசியாக, தவறினால் என்ன ஆகும் என்ற விஷயம். ஸ்காட்லாந்து 2030-க்குள் 75% குறைப்பு என்று சட்டமே போட்டது. மின்சாரத்தில் நன்றாகவே செய்தது. வீட்டைச் சூடாக்குவது, கார், விவசாயம் என்று வந்தபோது தடுமாறியது. 2024 மார்ச்சில் சுயேச்சையான ஆலோசனைக் குழு இலக்கை எட்ட முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னது, ஏப்ரலில் அரசு அந்த இலக்கைக் கைவிட்டது. தோல்விதான். ஆனால் ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் கட்டாயம் இல்லாத இடத்தில் இதே தோல்வி யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். உங்கள் வரைவில் ஆண்டறிக்கை உண்டா, அதைச் சட்டமன்றத்தில் வைப்பார்களா, எழுதுவது சுயேச்சையான ஆட்களா என்று பாருங்கள்.

கருத்து எழுதும்போது ‘பூமியைக் காப்போம்’ என்று ஆரம்பிக்க வேண்டாம். படிக்கும் அதிகாரி அதை ஒதுக்கிவிட்டுப் போவார். பக்க எண்ணும் பத்தி எண்ணும் போட்டு, ஒரு பத்தியில் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘72-ம் பக்கத்தில் உள்ள நடவடிக்கைக்கு எந்தத் துறை பொறுப்பு, எந்த ஆண்டு நிதி ஒதுக்கீடு, எத்தனை டன் குறையும்?’ இப்படி நான்கைந்து கேள்வி போதும். கடைசி நாள்வரை காத்திருக்காமல் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறுதித் திட்டம் வந்ததும் அதே பக்கத்தைத் திறந்து உங்கள் கேள்விக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க அது உதவும்.