பார்த்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் வரவில்லை: புரோகிராமிங் பழகுவது எப்படி?

கேள்வி: என் வயது 34. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கம்ப்யூட்டர் படிப்பு படித்ததில்லை. வேலைக்கு உதவும் என்று ஆறு மாதமாக வீடியோ பாடங்கள் பார்த்து புரோகிராமிங் கற்கிறேன். முதலில் சி, அப்புறம் ஜாவா, இப்போது பைதான். பாடம் நடக்கும்போது எல்லாம் புரிகிறது. வீடியோவை மூடிவிட்டு நானே எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வருவதில்லை. மொழியை மாற்ற வேண்டுமா? கணிதம் எனக்குப் பெரிதாக வராது, அதுதான் காரணமா? ஏஐயே எழுதித் தரும்போது இதைக் கற்பதில் பயன் உண்டா?

பதில்: "பாடம் நடக்கும்போது எல்லாம் புரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அந்த வரியிலேயே இருக்கிறது. அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் புரிந்துகொள்வது ஒரு திறமை. வெற்றுத் திரையில் தானே எழுதுவது வேறொரு திறமை. ஆறு மாதமாக முதலாவதை மட்டும்தான் பழகியிருக்கிறீர்கள். பாடம் எடுப்பவர் முதல் வரியைத் தட்டும் முன்பே பல முடிவுகளை எடுத்துவிடுகிறார்: எந்த மதிப்பை நினைவில் வைப்பது, எதைத் திரும்பத் திரும்பச் செய்வது, எப்போது நிறுத்துவது. அந்த யோசனை எதுவும் திரையில் வருவதில்லை. முடிந்த வரிகள் மட்டும் வருகின்றன. தீர்த்து வைத்த கணக்கைப் பார்க்கும்போது ஒவ்வொரு படியும் எளிதாகத் தெரிவது போலத்தான் இதுவும்.

மொழியை மாற்ற வேண்டாம். பைதானிலேயே இருங்கள், குறைந்தது ஆறு மாதம். சி மொழி 1970களின் தொடக்கத்தில் இயங்குதளங்கள் எழுதுவதற்காக உருவானது. அதில் நினைவகத்தைப் பற்றிய கவலையும் சேர்ந்தே வரும். பைதானில் அந்தச் சுமை குறைவு. 2021இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து அதன் பிழைச் செய்திகளும் நன்றாகத் தெளிவடைந்துவிட்டன. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால், மூடாமல் விட்ட இடத்தையே காட்டும். பெயரைத் தப்பாகத் தட்டினால் "இதைச் சொல்ல வந்தீர்களா?" என்று கேட்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது. ஒரு பாடத்தில் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பழைய பாடம், விட்டுவிடுங்கள்.

இனி பயிற்சி. முதல் இரண்டு வாரம் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு, நீங்களே கம்ப்யூட்டராக இருந்து புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். ஐந்தாறு வரி உள்ள ஒரு சின்ன புரோகிராம் போதும். ஒவ்வொரு வேரியபிளுக்கும் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) ஒரு நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு வரி முடிந்ததும் அதில் என்ன மதிப்பு இருக்கும் என்று எழுதுங்கள். கடைசியில் திரையில் என்ன வரும் என்பதையும் எழுதிவிட்டு, அதற்கு அப்புறம் கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள்.

உதாரணமாக மூன்று வரிகள்: அ = 5. அடுத்து ஆ = அ. அடுத்து அ = 7. இப்போது ஆவின் மதிப்பு என்ன? புதிதாகக் கற்பவர்கள் பலர் 7 என்பார்கள். விடை 5. பள்ளிக் கணிதத்தில் சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்று. இங்கே அதன் பொருள் "வலப்பக்க மதிப்பைக் கண்டுபிடி, இடப்பக்கப் பெயரில் வை" என்ற கட்டளை. அந்த நொடியில் நடந்து முடிந்துவிடும். அதனால்தான் அ = அ + 1 என்று எழுதுவது இங்கே சரி. இரண்டும் சமமா என்று கேட்க வேண்டுமானால் இரட்டைச் சமக்குறி போட வேண்டும். இந்த ஒரு இடத்தில் தெளிவு வராமல் மாதக்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு. (பைதான் 3இல் இப்படித் தமிழ் எழுத்திலேயே வேரியபிளுக்குப் பெயர் வைக்கலாம். 'தொகை', 'வரி' என்று வைத்துப் பழகுங்கள், யோசனைக்கும் எழுத்துக்கும் இடையே தூரம் குறையும்.)

அடுத்துதான் வெற்றுத் திரை. அங்கேயும் முதலில் பைதானைத் தொடாதீர்கள். பத்து எண்கள் கொண்ட பட்டியலில் மிகப் பெரியது எது? இதற்கு பைதானிலேயே தயாராக ஒரு கட்டளை இருக்கிறது, ஆனால் பழகுவதற்காக அதை ஒதுக்கி வையுங்கள். இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டால் "பார்த்தாலே தெரியுமே" என்பார்கள். சரி, எண்கள் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் இருக்கின்றன, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என்ன செய்வீர்கள்? இதுவரை பார்த்ததில் பெரியதை மனதில் வைத்துக்கொள்வீர்கள். அடுத்த சீட்டு அதைவிடப் பெரியதாக இருந்தால் மனதில் இருப்பதை மாற்றுவீர்கள். அவ்வளவுதான். அதைத் தமிழில் நான்கு வரியாக எழுதிவிட்டு, ஒவ்வொரு வரியையும் பைதானுக்கு மாற்றுங்கள். மனதில் வைப்பது ஒரு வேரியபிள், சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறப்பது ஒரு லூப் (திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை), பெரியதா என்று பார்ப்பது ஒரு நிபந்தனை.

இதிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. தொடக்கத்தில் மனதில் என்ன எண்ணை வைப்பது? அநேகமாக 0 என்று எழுதுவீர்கள். பட்டியலில் -8, -3, -12 மட்டும் இருந்தால்? பட்டியலிலேயே இல்லாத 0 விடையாக வரும், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல். முதல் சீட்டின் எண்ணையே தொடக்கமாக வைத்தால் சரியாகும். அப்புறம், பட்டியலே காலியாக இருந்தால்? அடுத்து, இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 9, 4, 9 என்று இருந்தால் இரண்டாவது பெரியது 9ஆ, 4ஆ? எந்த மொழியும் இதற்குப் பதில் சொல்லாது. எது வேண்டும் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த மாதிரிக் கேள்விகளைத் தானே எழுப்பிக்கொள்ளத் தொடங்கும் நாளில் நீங்கள் உண்மையில் புரோகிராமிங் செய்யத் தொடங்கிவிட்டீர்கள். இருபது பாடங்களைப் பார்ப்பதைவிட இந்த ஒரு கணக்கை முழுதாகக் குடைவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

பிழைச் செய்தி வந்தால் பயந்து மூடாதீர்கள். பைதானில் அதைக் கீழிருந்து படிக்க வேண்டும். கடைசி வரியில் என்ன வகைப் பிழை என்று இருக்கும், அதற்கு மேலே எந்த வரியில் என்று இருக்கும். காட்டிய வரியில் குற்றம் தெரியவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள். செய்தி வராத பிழைதான் ஆபத்தானது. பயனரிடமிருந்து 5, 3 என்று இரண்டு எண்களை வாங்கிக் கூட்டினால் 53 வரும். ஏனென்றால் விசைப்பலகையிலிருந்து வருவது எதையும் பைதான் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும், எண்ணாக மாற்றுவது உங்கள் பொறுப்பு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள், 3 என்று வராது, 5 என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது.

நீங்கள் கணக்குத் துறையில் இருப்பதால் இன்னொன்று. 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பைதானின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முடிவாக எழுத முடியாதது போல, பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் முடிவாக எழுத முடியாது. பணக் கணக்குக்கு, தசம எண்களைத் துல்லியமாகக் கையாளும் டெசிமல் என்ற பைதான் தொகுதியைப் பயன்படுத்துங்கள், இல்லையேல் தொகையை அதன் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

கணிதம் வராதது காரணம் இல்லை. நீங்கள் செய்யப்போகும் வேலைகளுக்குக் கூட்டல், பெருக்கல், சதவீதம், மீதி காண்பது போதும். இயந்திரக் கற்றல், வரைகலை என்று போனால் அணிகளும் (மேட்ரிக்ஸ்) புள்ளியியலும் தேவைப்படும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஏஐ விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். முதல் சில மாதம் அதை எழுதச் சொல்லாதீர்கள். எழுதித் தந்தால் மறுபடி நீங்கள் வீடியோ பார்க்கும் இடத்துக்கே போய்விடுவீர்கள், முடிந்த வரிகள் மட்டும் கைக்கு வரும். அது தருவது சில நேரம் தவறாக இருக்கும், பார்க்கச் சரியாகவே தெரியும். மேலே சொன்ன 0 பிரச்சினை போன்ற ஒன்று அதில் ஒளிந்திருந்தால், காகிதத்தில் ஓட்டிப் பழகியவருக்குத்தான் கண்ணில் படும். கற்பதன் பயன் அங்கேதான். அரை மணி நேரம் நீங்களே முயன்ற பிறகு, "இந்த வரியில் ஏன் பிழை வருகிறது, விடையைச் சொல்லாமல் ஒரு துப்பு மட்டும் கொடு" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் நல்ல துணை.

நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாரக் கடைசியில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் நாற்பது நிமிடம் நல்லது. அதில் முதல் பத்து நிமிடம், நேற்று எழுதியதைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். வேரியபிள், நிபந்தனை, லூப், லிஸ்ட் (பட்டியல்), ஃபங்ஷன் (பெயர் வைத்து வேண்டும்போது அழைக்கும் வரிகளின் தொகுப்பு), டிக்‌ஷனரி (பெயரும் மதிப்பும் ஜோடியாக வைக்கும் தொகுப்பு), கோப்பைப் படிப்பது என்ற வரிசையில் போங்கள். கிளாஸ் (தரவையும் அதற்கான ஃபங்ஷன்களையும் சேர்த்துக் கட்டும் வடிவம்) பற்றிய பாடங்கள் பிறகு.

இவ்வளவும் கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் சொந்த வேலை, உங்கள் மேசையிலேயே இருக்கிறது. வரவு செலவு இருக்கும் ஒரு சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைத்த எளிய அட்டவணைக் கோப்பு) படித்து, தலைப்பு வாரியாகத் தொகை கூட்டும் புரோகிராம். கோப்பில் தமிழ் இருந்தால் திறக்கும்போதே யுடிஎஃப்-8 (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று குறிப்பிடுங்கள், இல்லையென்றால் எழுத்துகள் சிதைந்து வரலாம். அசல் கோப்பில் ஒருபோதும் சோதிக்காதீர்கள், ஒரு நகல் எடுத்து அதில் ஓட்டுங்கள். முதலில் அந்த நகலில் பத்து வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்து, அந்தப் பத்தையும் கையால் கூட்டி, புரோகிராம் தரும் தொகையோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் முழுக் கோப்பின் நகலைக் கொடுங்கள். அங்கே தலைப்பு காலியாக உள்ள வரி, தொகைக்குள் காற்புள்ளி போட்ட வரி என்று ஒவ்வொன்றாகத் தடுக்கும். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று முதலில் தமிழில் எழுதுங்கள், அப்புறம் பைதானில்.